புரட்டாசிக்கு முன் காய்ச்சிய பால்

இந்த நாற்காலியைப் பார்த்து இரக்கப்பட வேண்டாம், அம்மா. என் கால்கள் இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. உங்களுக்கும் அப்படித்தானே? அதோ அந்த வரிசையைப் பாருங்கள். பட்டுப்புடவையும் கம்பளிச் சட்டையுமாக நம்மவர்கள் எத்தனை பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கிறார்கள்! அவர்களில் ஒருவராவது நடக்க இயலாதவரா? விமான நிலையத்தில் வழி தெரியாமல் திகைக்க வேண்டாம், ஆங்கிலத்தில் அதிகாரிகளுக்குப் பதில் சொல்ல வேண்டாம் என்று பிள்ளைகள் செய்கிற ஏற்பாடு. என்னைத் தள்ளிக்கொண்டு வந்த பெண்ணிடம், "நான் நடப்பேன்" என்று பிழையில்லாத ஆங்கிலத்தில் சொன்னேன். "எல்லாரும் நடப்பார்கள் அம்மா, உட்காருங்கள்" என்று சிரித்தாள்.

தங்களுக்கு எந்த ஊர்? மன்னார்குடியா? நல்லது. நான் தென்காசி. பெயர் உலகம்மாள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. வரலாறும் புவியியலும் என் பாடங்கள். தமிழ்வழியில் கற்றுத் தமிழ்வழியில் கற்பித்தவள். ஆகையால் என் பேச்சு இப்படித்தான் இருக்கும். "அத்தை பேசினா ரேடியோல செய்தி வாசிக்கிற மாதிரியே இருக்கு" என்பாள் என் மருமகள். பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

உங்கள் பிள்ளை உங்களைக் கட்டிக்கொண்டு கண்கலங்கி நின்றதைப் பார்த்தேன். என் மகன் பெட்டியை இறக்கி வைத்தான். "மாத்திரைய மறக்காதீங்க" என்றான். போய்விட்டான். என்ன குற்றம் செய்தேன் என்று கேளுங்கள். பால் காய்ச்சினேன். அவ்வளவுதான், அம்மா. புதுவீட்டில் பால் காய்ச்சினேன்.

முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். விமானத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

என் மகன் பெயர் குற்றாலிங்கம். இங்கே எல்லாரும் லிங்கம் என்கிறார்கள். சிகாகோவின் தென்பகுதியில் ஒரு மருத்துவமனையின் ஆய்வகத்தில் வேலை. இத்தனை காலம் வாடகை வீடு. இவ்வாண்டு நான் வந்திருக்கும்போதே சொந்த வீடு வாங்கிவிடுவது என்று அவனும் மருமகள் சுபாஷினியும் முடிவு செய்தார்கள். தேடித் தேடி, ஆய்வகத்துக்கு அருகிலேயே ஒரு வீடு அமைந்தது. செங்கல் வீடு, அம்மா! இந்த நாட்டில் பலகையை அடித்து, வண்ணம் பூசி, அதற்கு மாளிகை என்று பெயர் வைக்கிறார்கள். இது அசல் செங்கல். கிழக்கு வாசல். வாசற்படியில் நின்று பார்த்ததுமே, "இதுதான்" என்று சொல்லிவிட்டேன்.

செய்தி பரவியதும், தமிழ்ச் சங்கத்து நண்பர் சபாபதி என்பவர் மேற்குப் புறநகரிலிருந்து மனைவியோடு வந்துவிட்டார். "அங்கயா வாங்குறீங்க லிங்கம்? அந்தப் பக்கம் நம்ம ஆளுங்க ஒருத்தரும் இல்லயே. அக்கம்பக்கம் எல்லாம் யாருன்னு பாத்தீங்கல்ல? நாளைக்கு வித்தா என்ன வெலைக்குப் போகும்?" என்றார். எனக்குச் சினம் வந்தது. "ஐயா, மனிதருள் உயர்வு தாழ்வு காண்பது பிழை. ஆறாம் வகுப்புப் பாடத்திலேயே இருக்கிறது" என்றேன். "ஐயோ மேடம், நான் மனுசங்களச் சொல்லல. லொக்கேஷனத்தான் சொன்னேன்" என்றார். இடத்தைப் பற்றித்தான் பேசுகிறார் என்றால் அதில் பிழை காண எனக்கு ஒன்றும் இல்லை. விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு உரியவர் டாட்சன் அம்மையார். எர்னஸ்டீன் டாட்சன். கறுப்பினத்தவர். எண்பதை நெருங்கும் வயது. என்னைவிட ஒரு முழம் உயரம். தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் பிரிவுக்கு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமாகிவிட்டார். மகள் அட்லாண்டாவில். அந்த மகளுக்கு அருகே ஒரு சிறு வீடு வாங்கிப் போய்ச் சேர்வதற்காக இதை விற்கிறார். அவருடைய சேமிப்பு என்று சொல்வதற்கு இந்த வீடு ஒன்றுதான். நல்ல விலைக்குப் போனால் மகளுக்கு அருகில் சொந்த வீட்டில் இருக்கலாம். இல்லையேல் மகள் வீட்டின் பின்னறையில் இருக்க வேண்டும். "பின்னறைக்குப் போவதற்கா இத்தனை காலம் முன்னறையைத் துடைத்தேன்?" என்று என்னிடமே கேட்டார்.

சுபாஷினி திரைச்சீலைக்கு அளவெடுக்கிறேன், அலமாரிக்கு அளவெடுக்கிறேன் என்று அங்கே போகும்போதெல்லாம் நானும் போவேன். அவள் அளவெடுக்கட்டும் என்று நாங்கள் இருவரும் கூடத்தில் உட்கார்ந்து பேசுவோம். என்னை "மிஸ் டீச்சர்" என்றுதான் அழைப்பார். என் ஆங்கிலம் அவருக்குப் புரிந்தது. அவர் ஆங்கிலத்தில் வினைச்சொற்கள் சில இடங்களில் குறைபட்டிருந்தன, நான் திருத்தவில்லை. விருந்தினராகப் போன இடம்.

நான் வரலாறும் புவியியலும் கற்பித்தவள் என்று அறிந்ததும் அவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "அப்படியானால் உங்களுக்கு ஒன்று காட்ட வேண்டும்" என்று தம் கைப்பேசியில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். தம் தாயார் சிறுமியாக இருந்தபோது அரசாங்கமே இந்த நகரத்துக்கு வரைவித்தது என்றார். பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு. வரைபடம் என்றால் எனக்கு உயிர், அம்மா. எங்கள் பிள்ளைகள் காவிரியைக் கடலுக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிடுவார்கள். இதிலோ எல்லைக்கோடு ஒன்றுகூடப் பிசகவில்லை. வண்ணம் கோட்டைத் தாண்டவில்லை. "பத்துக்குப் பத்து போடலாம்" என்றேன்.

"சிவப்பு எதைக் குறிக்கிறது, சொல்லுங்கள் மிஸ் டீச்சர்" என்றார்.

"வெள்ளம் சூழும் பகுதியா?"

"இல்லை."

"கொள்ளை நோய்?"

"இல்லை. நாங்கள்."

பச்சை என்றால் வங்கி கடன் கொடுக்கலாமாம். சிவப்பு என்றால் கூடாதாம். அந்தக் காலத்தில் வீட்டுப் பத்திரத்திலேயே, கறுப்பருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்று எழுதியிருப்பார்களாம். நீதிமன்றம் அது செல்லாது என்று பிற்பாடு சொல்லியும், கடனுக்கு உறுதி நிற்கும் அரசு அலுவலகம் நெடுநாள் அந்த வழக்கத்தை விடவில்லையாம். அவருடைய தந்தை போருக்குப் போய்த் திரும்பியவர். போர்வீரர்களுக்கு வீட்டுக்கடன் என்று அரசு அறிவித்ததை நம்பி வங்கி வங்கியாக ஏறி இறங்கினாராம். உடன் போரிட்ட வெள்ளையருக்குப் புறநகரில் புதுவீடு, இவருக்குக் கைகுலுக்கல்.

"பிறகு இந்த வீடு எப்படி வந்தது?" என்று கேட்டேன்.

ஒரு தரகன் வந்தானாம். இந்தத் தெருவில் அப்போது வெள்ளையர். "கறுப்பர்கள் வரப்போகிறார்கள், விலை விழப்போகிறது, ஓடிவிடுங்கள்" என்று அச்சுறுத்தி, ஒரு குடும்பத்திடம் இந்த வீட்டை மலிவாக வாங்கி, அதையே அவர் தந்தைக்கு ஏறக்குறைய இருமடங்குக்குத் தவணையில் விற்றானாம். பத்திரம் தரமாட்டான். கடைசித் தவணை கட்டும் நாளில்தான் வீடு உனது. நடுவில் ஒரு மாதம் தவறினால் வீடும் போயிற்று, கட்டிய பணமும் போயிற்று. "வரைபடத்தில் எங்கள் தெரு மஞ்சளாகத்தான் இருந்தது, மிஸ் டீச்சர். நாங்கள் பெட்டியை இறக்கி வைத்ததும் வங்கிக்காரர்கள் மனத்துக்குள்ளேயே சிவப்பு அடித்துக்கொண்டார்கள்" என்றார்.

நான் அவருக்கு ஆறுதலாக, எங்கள் ஊர் வீட்டுவசதி வாரியத்திலும் தவணை முறை உண்டு, ஒழுங்காகக் கட்டுகிறவனுக்குக் கவலை இல்லை என்று எடுத்துச் சொன்னேன். "அப்பா பகலில் ஒரு வேலை, இரவில் ஒரு வேலை பார்த்தார். ஒரு தவணை தவறவில்லை. தூங்கித்தான் நாங்கள் பார்த்ததில்லை" என்றார்.

"பார்த்தீர்களா, ஒழுக்கம்!" என்றேன்.

இதையெல்லாம் கேட்டு எனக்கு மனம் பொறுக்கவில்லை. இப்படிச் சட்டம் போட்டா மனிதரைப் பிரிப்பது? எங்கள் ஆசிரியர் குடியிருப்பைப் பற்றி அவரிடம் சொன்னேன். கூட்டுறவுச் சங்கம் அமைத்து, அரசுக் கடன் பெற்று, அனைவரும் ஆசிரியர்களாகவே சேர்ந்து கட்டியது. யாரேனும் வீட்டை விற்பதாக இருந்தால் சங்கத்தில் ஒரு சொல் கேட்டுவிட்டு விற்பார்கள். அது சட்டமன்று, மரியாதை. ஒருமுறை பொன்னுச்சாமி என்ற உடற்கல்வி ஆசிரியர் வீடு கேட்டு வந்தார். தங்கமான மனிதர். அவர் பயிற்றுவித்த பிள்ளைகள் மாநில அளவில் ஓடிப் பரிசு பெற்றவர்கள். ஆயினும் ஊர்க்கோடியிலிருந்து வந்தவர். அவர் தெருவுக்குள் வந்தால் மற்றவர்கள் சங்கடப்படுவார்கள். மற்றவர்கள் சங்கடப்படுவதைக் கண்டு அவர் சங்கடப்படுவார். ஒரு நல்ல மனிதரை அப்படி நோகச் செய்யலாமா? ஆகவே வீடு காலி இல்லை என்று சொல்லிவிட்டோம். சங்கத் தலைவி என்ற முறையில் நானே சொன்னேன். அமரச் செய்து, அவருக்கென்று புதுக் குவளை வாங்கி, அதில் காப்பி கொடுத்துச் சொன்னேன்.

டாட்சன் அம்மையார் மிகக் கவனமாகக் கேட்டார்.

"வீடு உண்மையிலேயே காலி இல்லையா?"

"இருந்தது."

"என் அப்பாவிடமும் சிரித்த முகத்தோடுதான் அப்படிச் சொன்னார்கள். காப்பிதான் தரவில்லை."

"அதுதான் அம்மா எங்கள் பண்பாடு" என்றேன்.

அவர் சிரிக்கத் தொடங்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு நெருக்கம் ஏற்பட்டுவிட்டது.

இப்போது விலைக்கு வருகிறேன். மகனும் அம்மையாரும் ஒரு விலை பேசி ஒப்புக்கொண்டார்கள். ஆனால் இந்த ஊரில் நாம் பேசினால் போதாது. வங்கி ஒரு மதிப்பீட்டாளரை அனுப்பும். அவர் வந்து அறை அறையாகப் பார்த்து, படம் எடுத்து, இந்த வீட்டின் மதிப்பு இவ்வளவு என்று எழுதுவார். அதற்கு மேல் வங்கி கடன் தராது. வந்தவர் எழுதியது என்ன தெரியுமா? பேசிய விலையில் ஐந்தில் ஒரு பங்கு குறைவு! இதே அளவுச் செங்கல் வீடு வடக்கே என்ன விலைக்குப் போகிறது என்று சுபாஷினி எனக்குக் காட்டியிருந்தாள். செங்கலுக்குச் செங்கல் அதுவும் இதுவும் ஒன்று.

என் மகன் மகிழ்ந்துபோனான். "நமக்கு அடிச்சது யோகம்மா. பேங்க்கே கம்மின்னு சொல்லிட்டான். இனி அந்தப் பாட்டி எறங்கித்தான் வரணும்" என்றான்.

"சீ, அப்படிப் பேசாதீங்க லிங்கம்" என்றாள் சுபாஷினி. "அவங்க வீட்ட எவ்வளவு சுத்தமா வச்சிருக்காங்க, அதுல என்ன கொற?"

"கொறன்னு நான் சொல்லலியே. ரிப்போர்ட் சொல்லுது."

அம்மையார் இறங்கி வரவில்லை. "அப்பா இரண்டு வீட்டின் விலை கொடுத்து வாங்கிய ஒரு வீட்டை நான் முக்கால் வீட்டின் விலைக்கு விற்கமாட்டேன்" என்றார். பேரம் முறிந்துவிடும் போலிருந்தது. அந்த நேரத்தில் சுபாஷினி, வட்டி குறைவாக வாங்கும் வேறொரு வங்கி இருக்கிறது, அதற்கு மாறலாம் என்றாள். வங்கி மாறினால் மதிப்பீட்டாளரும் வேறொருவர் வருவார். அம்மையார் ஒரு நிபந்தனை சொன்னார்: "இரண்டாம் ஆள் என்ன எழுதுகிறானோ அதற்கு நான் கட்டுப்படுகிறேன். குறைத்து எழுதினால் குறைத்துக் கொடுக்கிறேன். குறைக்காவிட்டால் நாம் பேசிய விலை. சம்மதமா?" என் மகன் உடனே கைகொடுத்தான். அவனுக்கு அத்தனை உறுதி. "எவன் வந்தாலும் அந்த ஏரியாவுக்கு அதத்தான் எழுதுவான்" என்று வரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தான்.

இதற்குள் எனக்கு வேறொரு கவலை. வங்கி மாறியதால் பத்திரப்பதிவு தள்ளிப்போயிற்று. நாட்காட்டியைப் புரட்டினேன், தென்காசியிலிருந்து கொண்டுவந்த தினசரி நாட்காட்டி. பதிவு நாள் புரட்டாசியில் விழுகிறது! நீங்களே சொல்லுங்கள், புரட்டாசியில் யாராவது புதுமனை புகுவார்களா? ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில் பாலாவது காய்ச்சிவிட்டால், பின்னர் எப்போது வேண்டுமானாலும் குடியேறலாம். "வீடு இன்னும் நம்மது ஆகலியேம்மா. அவங்க இன்னும் அங்க குடியிருக்காங்க. ஒருத்தர் அடுப்புல போயி நாம எப்படிப் பால் காய்ச்சுறது?" என்றான் மகன். கேட்டால் தருவார் என்றேன். நானே போய்க் கேட்டேன்.

அம்மையாருக்கு முதலில் விளங்கவில்லை. "வாங்குவதற்கு முன்பே குடிபுகுவதா? என் அப்பா குடிபுகுந்துதான் வாங்காமல் இருந்தார், பல ஆண்டு" என்றார். பால் பொங்குவதையும் கிழக்குத் திசையையும் விளக்கினேன். சரி என்றார். கூடத்தில் பூசைக்கு இடம் பார்த்தேன். சுவர் முழுவதும் படங்கள். படைவீரர் உடையில் தந்தை, தொப்பி அணிந்த தாய், கணவர், பட்டம் பெற்ற பிள்ளைகள், மறுவரிசையில் இன்னும் பலர். இறந்தவர் படத்துக்கு எதிரே பால் காய்ச்சக் கூடாது. யார் இருக்கிறார், யார் மறைந்தார் என்று ஒவ்வொருவராகச் சுட்டிக் கேட்பது பண்பாகாது. ஆகையால், அன்று ஒருநாள் எல்லாப் படங்களையும் கழற்றிவிட்டு அங்கே எங்கள் பிள்ளையாரையும் இலட்சுமியையும் மாட்டிக்கொள்ளலாமா என்று மெல்லக் கேட்டேன்.

அவர் முகம் இறுகிவிட்டது. நான் பேச்சை மாற்றுவதற்காக என் பணிக்காலக் கதையைத் தொடங்கினேன். பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாமில் முதன்மைத் தேர்வாளராக இருந்தவள் நான். அங்கே முதல் வேலை என்ன தெரியுமா? மாணவனின் பெயரும் பதிவெண்ணும் உள்ள மேல்தாளைக் கிழித்து எடுத்துவிட்டு, மாற்று எண் ஒன்றைப் போட்டுத்தான் எங்கள் கையில் தருவார்கள். யாருடைய தாள் என்று தெரிந்தால் திருத்துகிறவன் கை நடுங்கும், அல்லது நீளும்.

"யாருடைய தாள் என்று தெரியவே தெரியாதா?" என்று கேட்டார்.

"தெரியாது. எழுதியது மட்டுந்தான் கண்ணுக்குத் தெரியும்."

"மதிப்பெண் மாறுமா?"

"மாறாமலா அம்மா கிழிக்கிறார்கள்?"

அவர் எழுந்து சுவர் அருகே போய் நின்றார். தந்தையின் படத்தைத் தாமே கழற்றி, புடவைத் தலைப்பால் நாம் துடைப்போமே, அதுபோல் சட்டை நுனியால் துடைத்தார். பிறகு, "உங்கள் நல்ல நேரம் எந்த நாள், எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். சொன்னேன். மறுபடியும் கேட்டு உறுதி செய்துகொண்டார். நம் சடங்கில் அவருக்கு எத்தனை ஈடுபாடு பாருங்கள்! அன்று மாலையே புது வங்கியின் மதிப்பீட்டாளர் எப்போது வரலாம் என்று தொலைபேசியில் கேட்டிருக்கிறார். அம்மையார் அதே நாளைச் சொல்லிவிட்டார். ஒரே அலைச்சலில் முடியட்டும் என்ற சிக்கனம்.

முகூர்த்த நாளும் வந்தது. கற்பூரப் புகைக்கு அலறிவிடக் கூடாது என்று புகைமணிக்குக் குளியல் தொப்பியை மாட்டிவிட்டு, என் மகன் ஆய்வகத்துக்குப் போய்விட்டான். நானும் சுபாஷினியும் கோலம் போட்டோம், மாவிலை கட்டினோம். அம்மையார் நான் கேட்காத படங்களையும் கழற்றிக்கொண்டிருந்தார். குளிர்பெட்டிமேல் ஒட்டியிருந்த பேரப்பிள்ளைகள், மாடிப்படிச் சுவரில் தேவாலயப் பாடகர் குழு, குளியலறையில் ஏதோ ஒரு நாட்காட்டி. "இவர்கள் எல்லாம் உயிரோடு இருக்கிறார்களே" என்றேன். "இன்று ஒருநாள் இல்லாமல் இருக்கட்டும்" என்றார்.

அவருக்கென்று ஒரு பட்டுப்புடவை கொண்டுபோயிருந்தேன். மறுத்துவிட்டார். சமையலறையில் அணியும் மேலாடை ஒன்றைக் கட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றார். எத்தனை எளிமை! அரக்குப் பட்டில் கூடத்து நடுவில் நான். அடுக்களை ஓரத்தில் அவர்.

பால் பொங்கி வந்தது. அவர் பாய்ந்து வந்து அடுப்பை அணைக்கப் போனார். கையைப் பிடித்துத் தடுத்தேன். "பொங்கட்டும், பொங்கட்டும்!"

"மிஸ் டீச்சர், என் தாயார் காலத்திலிருந்து இந்த அடுப்பில் ஒருநாளும் பாலை வழியவிட்டதில்லை!"

"அதனால்தான் அம்மா உங்களுக்குச் சரியான விலை வரவில்லை" என்றேன். சுபாஷினி முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

பால் கிழக்கே வழிந்தது. மிக நல்ல சகுனம். அந்த நொடியில் வாசல் மணி ஒலித்தது.

மதிப்பீட்டாளர் இளைஞர். வெள்ளையர். கோலத்தை மிதிக்காமல் தாண்டி வந்தார். நான் சொல்லாமலே காலணியைக் கழற்றினார். என்னை மேலும் கீழும் பார்த்து, கையிலிருந்ததைப் படித்து, "திருமதி டாட்சன்?" என்றார்.

பிழை கண்டால் திருத்தாமல் விடுகிறவள் நான் அல்லேன். உங்களுக்கே தெரிந்திருக்கும். ஆனால் முகூர்த்த நேரம்! பால் பொங்கிய அடுப்பு இன்னும் ஆறவில்லை. அந்த நேரத்தில் வாயிலிருந்து 'இல்லை' என்ற சொல் வரலாமா? அரிசி தீர்ந்தால்கூட நிறைந்திருக்கிறது என்றல்லவா சொல்வோம்? ஆகையால் கைகூப்பி, "வாருங்கள், வாருங்கள், நல்ல நேரத்தில் வந்தீர்கள்" என்றேன். அம்மையாராவது திருத்துவார் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் அடுக்களை வாசலில் கைகட்டி நின்றுகொண்டிருந்தார்.

அந்தத் தம்பி அறை அறையாகப் பார்த்தார். "மிக நேர்த்தியாகப் பேணியிருக்கிறீர்கள்" என்று என்னிடம் சொன்னார். நான் வாசலில் கோலம் போட்டவள். பொதுப்படச் சொல்கிறார் என்று நன்றி கூறினேன். பிள்ளையாரைப் பார்த்து இது யார் என்று கேட்டார், விளக்கினேன். வெயிலில் வந்தவர் இல்லையா, அம்மையாரைப் பார்த்து, "கொஞ்சம் தண்ணீர் கொண்டுவாருங்கள்" என்றார். அம்மையார் "இதோ, சார்" என்று தட்டில் வைத்துக் கொண்டுவந்து நீட்டினார். இந்த நாட்டில் விருந்தினருக்குத் தட்டில் வைத்துத் தண்ணீர் தருகிறவரை அன்றுதான் பார்த்தேன். நான் பாலில் சர்க்கரை போட்டுக் கொடுத்தேன். முழுவதும் குடித்தார். புறப்படும்போது என்னிடம் தாழ்ந்த குரலில், "இந்தப் பகுதியில் இப்படியொரு வீட்டை எதிர்பார்க்கவில்லை" என்றார்.

நான்கு நாளில் அறிக்கை வந்தது. என்ன மதிப்பு தெரியுமா, அம்மா? பேசிய விலையைவிடச் சற்று அதிகம்!

நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஆவணி முகூர்த்தம் என்றால் சும்மாவா? என் மகன் தாளை மூன்று முறை படித்தான். "அதே வீடு. அதே ஏரியா. எப்படிம்மா? அன்னைக்கு என்ன நடந்துச்சு? ஒண்ணு விடாமச் சொல்லுங்க" என்றான். ஒன்று விடாமல் சொன்னேன். இப்போது உங்களிடம் சொன்னேனே, இப்படியே. அவன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

"எம்மா, அவன் ஒங்கள ஓனர்னு நெனச்சுட்டான்."

"நினைத்தால் நினைக்கட்டும். அதனால் வீட்டுக்கு என்ன? நான் யாராக இருந்தால் செங்கல் மாறிவிடுமா?"

"அதத்தாம்மா நானும் சொல்லுதேன்!" என்று கத்தினான். கத்திவிட்டு, தான் என்ன சொன்னோம் என்று தானே கேட்டவன்போல் வாயை மூடிக்கொண்டான். சுபாஷினி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தாள், கேட்டது. "கைகொடுத்தீங்கல்ல லிங்கம்? குடுத்துத்தான் ஆகணும்" என்று உள்ளிருந்தே சொன்னாள்.

கொடுத்தான். முழு விலையும் கொடுத்தான். அம்மையார் அட்லாண்டாவில் மகள் தெருவிலேயே, மூன்று வீடு தள்ளி, முன்னறையும் தோட்டமும் உள்ள வீடு ஒன்றுக்கு முன்பணம் கட்டிவிட்டார். ஒரு முதியவருக்கு நல்லது நடந்ததற்கு மகன் மகிழ வேண்டாமா? என் முகத்தையே பார்ப்பதில்லை. "நீங்க பண்ணதுக்கு எனக்கு எவ்வளவு போச்சு தெரியுமா?" என்று ஒருநாள் கேட்டான். "மனுசி பெரிய ஆளு" என்று இன்னொரு நாள் தானாகவே சொன்னான். யாரைச் சொன்னான் என்று தெரியவில்லை. என்னைத்தான் என்று நினைத்தேன்.

சாவி கொடுக்கும் நாளில் நானும் போயிருந்தேன். படங்களையெல்லாம் துண்டுகளில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார் அம்மையார். தந்தையின் படத்தை மட்டும் பெட்டியில் வைக்கவில்லை, மடியிலேயே வைத்திருந்தார். நான் அருகில் அமர்ந்து, "பார்த்தீர்களா அம்மா, பாலின் மகிமையை? உங்கள் தந்தையார் குடிவந்த நாளிலேயே யாராவது சொல்லியிருந்தால், ஒரு படி பாலில் எல்லாம் சரியாகியிருக்கும். இரண்டு வேலை பார்த்திருக்க வேண்டாம்" என்றேன்.

அவர் சிரித்தார். எப்போதும் சிரிக்கிற சிரிப்பு அல்ல. சிரிப்பு நின்ற பிறகும் கண்ணீர் நிற்கவில்லை. என் கையைப் பிடித்துத் தந்தையின் படத்தின்மேல் வைத்து, அதன்மேல் தம் கையை வைத்தார்.

"பால் இல்லை, மிஸ் டீச்சர்" என்றார். "நீங்கள்தான். நீங்கள் நின்றீர்கள் பாருங்கள், அதுதான்."

அம்மா, நான் மாலையும் பொன்னாடையும் பெற்றவள். மாவட்ட ஆட்சியர் கையால் சான்றிதழ் வாங்கியவள். ஆனால் நான் சும்மா நின்றாலே ஒரு வீட்டின் மதிப்பு உயரும் என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. வேற்று நாட்டவர், வேற்று இனத்தவர். அவர் கண்டு சொன்னார்.

இன்று காலை விமான நிலையத்துக்கு வரும் வழியில் இதை மகனிடம் சொன்னேன். ஒரு சொல்கூடக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். நெடுஞ்சாலையைப் பார்த்தபடியே வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தவன், "அவங்க சொன்னது சரிதாம்மா" என்றான். குரல் கம்மியிருந்தது.

பெற்ற தாயை வேற்றார் ஒருவர் புகழ்ந்தால், பிள்ளைக்கு இப்படியா அம்மா தொண்டை அடைக்கும்?